புழுவின் குடலும் மனித இரைப்பையும்

கரும்புப் புழுவைக் கொல்லும் வைரஸ்

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலைக்குப் பேர்போன ஊர். சுற்றுப்புறக் கரும்பு வயல்களில் நட்ட முதல் மூன்று மாதங்களுக்குள் இளங்குருத்துப் புழு தண்டைத் துளைத்து நடுக்குருத்தைக் காய வைத்துவிடும். இந்தப் புழுவை மட்டும் தாக்கும் கிரானுலோசிஸ் வைரஸைக் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் விரிவாக ஆராய்ந்தது. நட்ட 35ஆம், 50ஆம் நாட்களில் அதைத் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

வயலில் வைரஸ் என்றதும் அச்சம் எழுவது இயல்பே. ஆனால் இந்த வைரஸ் ஒரு புரத உறைக்குள் அடைபட்டிருக்கிறது. புழு இலையோடு சேர்த்துத் தின்னும்போது, அதன் குடலிலுள்ள கடுமையான காரத்தன்மையில்தான் உறை கரையும். மனித இரைப்பையிலோ இருப்பது அமிலம். அதைவிட முக்கியமாக, மனித செல்களில் இந்த வைரஸால் பெருகவே முடியாது. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் அப்படியல்ல. பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே வழியில் தெளிப்பவரின் நரம்பையும் தாக்குபவை அவை.

அமிலத்தில் வாழும் கிருமி

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. வயிற்றுப் புண்ணுக்கு மிளகாயும் மனக்கவலையுமே காரணம் எனச் சொல்லப்பட்டது. அந்த நம்பிக்கையால் நோயாளிகள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலத்தை முறித்துக்கொள்கிறது. மூச்சுக்காற்றை வைத்துச் செய்யும் யூரியா பரிசோதனை இந்தச் செயலைக் கொண்டே நோயைக் கண்டறிகிறது. அமிலக் குறைப்பு மாத்திரை மட்டும் போட்டால் வலி அடங்கும், கிருமி அழியாது. மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்துகளை முழு நாட்களும் சாப்பிட வேண்டும். கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். 1994லேயே இந்தக் கிருமி புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கோமாரி

1897இல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும் கண்டறிந்த கோமாரி வைரஸ்தான் விலங்குகளில் முதன்முதலில் அறியப்பட்ட வைரஸ். மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் போடும், பால் வற்றும். அமிலம், காரம் இரண்டுமே இதற்குப் பகை. அதனால்தான் தொழுவத்தை 4 சதவீத சலவைச் சோடாக் கரைசலால் கழுவச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய்ப் புண் நோய் மாட்டிலிருந்து தொற்றுவதன்று. அதன் வைரஸ் வேறு.

ஒரு வகைக் கோமாரிக்கு எதிரான தடுப்பாற்றல் இன்னொரு வகையைத் தடுக்காது. இந்தியத் தடுப்பூசியில் ஓ, ஏ, ஆசியா 1 என மூன்று வகைகளும் சேர்க்கப்படுவது அதனால்தான். ஊசியின் பலன் சில மாதங்களில் குறைந்துவிடுவதால், 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு மாதக் கன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படுகிறது.