சரந்தீப் வாளின் பூவும் பெயாரிங்கின் பொருக்கும்

இரும்பின் பெயரிலேயே ஒரு சூறா நமக்கு உண்டு: அல்ஹதீத். இரும்பை ஆராய்ந்த அறிஞர்களும் நம்மில் இருந்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி, கலீபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் வேறெதுவுமல்ல, நமது இலங்கைதான்.

அதற்கு மண்ணிலும் சாட்சி இருக்கிறது. ஜெய்லானிக்குப் போய்வந்தவர்களுக்குப் பலாங்கொடைப் பக்கம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்துச் சமனலவெவ மலைச்சரிவுகளில் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டெடுத்த உலைகள் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. அவற்றுக்குத் துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்றே ஊதிக் கொடுத்தது. அதேபோல் உலை கட்டி எரித்துப் பார்த்தபோது காபன் கூடிய உருக்கு கிடைத்ததை 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர் வெளியிட்டார்.

மூசையில் உருக்கிய உருக்கால் அடித்த நல்ல வாள்களில் நீரலை போல ஒரு பூ தெரியும். அரபியில் அதைப் பிரிந்த் என்பார்கள். அது எப்படி வருகிறது? ஐஸ்பழத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் உறைவது தண்ணி. சீனியும் சாயமும் கடைசியாக உறையும் இடத்துக்கு ஒதுங்கிவிடும். உருகிய உருக்கும் அப்படித்தான். முதலில் உறையும் கிளைகளுக்கு இடையில் காபனும் வனேடியம் போன்ற உலோகங்களும் சேர்ந்துவிடும். சம்மட்டி அடிக்க அடிக்க அந்த இடங்கள் தட்டையாகி வரிவரியாகும்.

இரும்பும் காபனும் சேர்ந்த காபைட்டு மிகக் கடினமான மணி. வாளை மிதமாகச் சூடாக்கினால் சிறு மணிகள் கரையும்; வனேடியம் உள்ள வரியில் இருப்பவை கரையாமல் நிற்கும். ஆறும்போது கரைந்த காபன் அவற்றின் மேலேயே வந்து படியும். பலமுறை சுட்டு ஆற்றினால் மணிகள் வரிசை கட்டிவிடும். 0.004 சதவீத வனேடியமே இதற்குப் போதும் என்று வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1998இல் காட்டினார்கள். சூடு மிஞ்சினால் மணிகள் கரைந்து பூவும் அழிந்துவிடும்.

வாளுக்கு அழகு தந்த அதே வரிசை பெயாரிங்குக்கு எமன். பெயாரிங் உருக்கில் ஏறத்தாழ 1 சதவீதம் காபன், 1.5 சதவீதம் குரோமியம். இங்கே ஒதுங்குவது குரோமியம். அந்த வரிகளில் காபைட்டு பெருத்துவிடும். உருளும் குண்டு லட்சக்கணக்கான தடவை அழுத்தும்போது பெரிய மணி வளைந்து கொடுக்காது. அதன் ஓரத்தில் வெடிப்பு தொடங்கி, ஓடுபாதை பொருக்காக உரியும்.

மருந்தும் சூடுதான். 1200 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்தால் பெரிய காபைட்டுகள் கரைந்து குரோமியம் மெல்லப் பரவும். காபன் அணு சிறியது, இரும்பணுக்களின் இடுக்கில் ஓடிவிடும். குரோமியம் பக்கத்தில் அணு இல்லாத வெற்றிடம் கிடைத்தால்தான் நகர முடியும். அதனால்தான் இவ்வளவு நேரம். பிறகு 800 பாகை அளவில் சுட்டு மெதுவாக ஆற்ற, காபைட்டு பொடி உருண்டையாகும். உருக்கும் கடைய இசைந்து வரும். கடைசியில் 850 பாகை அளவில் சுட்டு எண்ணெயில் தோய்த்து, 160 பாகையளவில் பதம் இறக்குவார்கள்.

எங்கட ஊரில் 'பெயாரிங் போயிட்டு' என்று கழற்றிப் போட்டவற்றை நான் எடுத்துப் பார்ப்பதுண்டு. எல்லாமே உருக்கின் குற்றமல்ல. உப்புத்தண்ணியும் மணலும் கிரீஸ் இல்லாமையும் பாதிக்கு மேல் பொறுப்பு. ஆனால் ஒன்று நம்ம கையிலேயே இருக்கிறது. புதுப் பெயாரிங் ஷாஃப்டில் ஏறவில்லையென்றால் கேஸ் நெருப்பைப் பிடிக்கிறோம். நெருப்பு பட்ட இடம் நிறம் மாறும்போதே 160 பாகையில் இறக்கிய பதம் தாண்டிப் போய்விட்டது, உருக்கு மெதுத்துவிட்டது. 120 பாகைக்கு மேல் போகாமல் எண்ணெயில் சுட்டு ஏற்றினால் போதும். கடலுக்குள் மெஷின் நின்றால், அங்கே மாற்றித்தர கராஜ் இல்லை.