'12 வோல்ட்தானே' என்று நினைக்கிறீர்களா?

மழைக்காலம் வந்துவிட்டால் கடலாடி, சாயல்குடி பக்கத்து வீடுகளில் முதல் கவலை கரன்ட்தான். ஃபேன் நின்றால்கூட விசிறியை எடுத்துக்கொள்ளலாம். வைஃபை ரவுட்டரும் கடை கேமராவும் நின்றுபோனால் பிள்ளையின் படிப்பும் நிற்கிறது, வியாபாரமும் நிற்கிறது.

இதற்குச் சிலர் ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். பழைய பைக் பேட்டரியை எடுத்து, ரவுட்டர் அடாப்டரின் வயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவது. "அடாப்டரும் 12 வோல்ட், பேட்டரியும் 12 வோல்ட். என்ன ஆகிவிடப் போகிறது?"

ஆகும்!

ஷாக் அடிக்காது, ஆனால் சுடும்

உலர்ந்த கையால் தொட்டால் 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆபத்து தீயில் இருக்கிறது. ரவுட்டர் அடாப்டர் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு மேல் தராது. பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் ப்ளஸ், மைனஸ் வயர்கள் உரசிக்கொண்டால் நூறு ஆம்பியருக்கு மேலும் பாயும். மெல்லிய வயர் சில நொடிகளில் சிவந்து உருகிவிடும். மோதிரமோ வளையலோ குறுக்கே பட்டால் விரலும் வெந்துபோகும்.

அடாப்டர் சார்ஜர் ஆகாது

லெட் ஆசிட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏற 13.5 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் போட்டால் பேட்டரி எப்போதும் அரைப்பட்டினிதான், சீக்கிரம் கெட்டுப்போகும். கரன்ட் போய்த் திரும்பும்போது, வறண்டு கிடக்கும் பேட்டரி அடாப்டரின் சக்திக்கு மீறி இழுக்கும். அடாப்டர் கொதிக்கும்.

லித்தியம் பேட்டரியில் இந்த விளையாட்டே வேண்டாம். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும். பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டும், அதற்கென்றே உள்ள சார்ஜரும் கட்டாயம்.

பெரிய இடத்துப் பாடம்

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, சோலாரையும் பேட்டரியையும் 48 வோல்ட் டிசி வயரிங்கில் சேர்த்து, இன்வெர்ட்டர் இல்லாமலே விளக்கும் ஃபேனும் ஓடும் முறையை உருவாக்கியது. ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அப்படித்தான் வெளிச்சம் போனது. அங்கும் பேட்டரியை நேராக வயரில் முறுக்கிவிடவில்லை. எப்போது சார்ஜ் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு கருவி உண்டு. நம் வீட்டு ரவுட்டருக்கு அந்த வேலையைச் செய்வது, கடைகளில் கிடைக்கும் 'மினி யூபிஎஸ்'. சோலார் என்றால் சார்ஜ் கன்ட்ரோலர்.

இவற்றை மறக்காதீர்கள்

* பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து அரை அடிக்குள் ஃபியூஸ் போடுங்கள். தள்ளிப் போட்டால், இடையில் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை. ஃபியூஸின் அளவு, வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

* டிசிக்கு என்று குறிப்பிட்ட சுவிட்சையே வாங்குங்கள். வீட்டு ஏசி கரன்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்துபோவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். டிசியில் பொறி நீடித்து சுவிட்சையே கருக்கும்.

* சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கலாம். மூடிய அலமாரி, பூஜையறை, அடுப்படி வேண்டவே வேண்டாம்.

* ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் ரவுட்டர் அந்த நொடியே போய்விடலாம். சிவப்பு, கறுப்பு வயர்களையே பயன்படுத்துங்கள்.

* மூக்கையூர், வாலிநோக்கம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரி முனைகளைப் பூக்க வைக்கும். பூத்த முனை சரியாகப் பிடிக்காமல் சூடேறும். படகில் ஜிபிஎஸ்ஸுக்கும் விளக்குக்கும் வைத்த பேட்டரிக்கும் இதே கதிதான். இணைப்பைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அந்த நீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள்.

வயர் கருகிய வாசனை வந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு ஃபியூஸ் ஒரு டீ, வடை விலைக்குக் கிடைக்கிறது. வீட்டைக் காக்க அது போதும் என்றால், இன்றே வாங்கிப் போட்டுவிடலாமே!