நிறம் வகுத்த வேடம்: சாபுவும் ரெக்ஸ் இங்கிராமும்

முன்னுரை

திரைப்படத்தில் தலைமை மாந்தராக வருவோரை உலகம் எளிதில் நினைவிற் கொள்கிறது. அவர்க்குத் தோழராயும் ஏவலராயும் வந்து கதைக்கு உயிரூட்டும் குணச்சித்திர நடிகரை விரைவில் மறந்துவிடுகிறது. அந்நடிகர் வெள்ளையர் அல்லாதவராயின், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி ஹாலிவுட்டில் அவர் நிலை இன்னும் இரங்கத்தக்கதாயிருந்தது. அவர்க்குரிய வேடத்தைத் திறமை வகுக்கவில்லை. தோலின் நிறமே வகுத்தது. ஒரே படத்தில் எதிரெதிர் நின்று நடித்த இருவரின் வாழ்வைக் கொண்டு இவ்வுண்மையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் மைசூர்க் காட்டில் பிறந்த சாபு. மற்றவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ரெக்ஸ் இங்கிராம்.

கபினிக் கரையிலிருந்து

பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பகுதி மக்களுக்கு யானை புதிதன்று. ஒகேனக்கல்லில் நாம் காணும் காவிரியோடு மேலே மைசூர்ப் பகுதியில் வந்து கலப்பது கபினியாறு. யானைகள் மிகுந்த அவ்வாற்றங்கரைக் காராப்பூரில், 1924ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், இசுலாமியக் குடும்பமொன்றில் சாபு பிறந்தார். தந்தையார் யானைப்பாகர். அவரை இளமையிலேயே இழந்த சாபு, மைசூர் அரண்மனை யானைக் கொட்டிலின் ஆதரவில் வளர்ந்தார்.

1935இல், கிப்ளிங்கின் கதையொன்றைப் படமாக்க இயக்குநர் ராபர்ட் பிளாகர்ட்டியின் குழுவினர் மைசூர் வந்தனர். யானைமீது அச்சமின்றி அமரும் ஒரு சிறுவனைத் தேடிய அவர்கள் சாபுவைக் கண்டெடுத்தனர். 1937இல் வெளிவந்த 'எலிபெண்ட் பாய்' அவரை உலகறியச் செய்தது. தமையனாருடன் இங்கிலாந்து சென்ற அவர், 1938இல் 'தி டிரம்' படத்தில் ஆங்கிலேயர்க்குத் துணைநிற்கும் எல்லைப்புற இளவரசராக நடித்தார். ஆங்கில ஆட்சியைப் போற்றிய அப்படத்திற்குப் பம்பாயில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. புகழ் தந்த வேடமே தாய்நாட்டார் வெறுப்பிற்கும் இலக்கானது.

குப்பியும் பூதமும்

1940இல் வெளிவந்த 'தி தீப் ஆப் பாக்தாத்' என்னும் வண்ணப்படமே இவ்விருவரையும் ஒன்றுசேர்த்தது. சாபு திருட்டுச் சிறுவன் அபு. இங்கிராம் குப்பியினின்று வெளிப்படும் பூதம். தன்னை விடுவித்தவனையே கொல்ல முனைகிறது பூதம். 'இத்துணைப் பெரிய உருவம் இச்சிறு குப்பிக்குள் அடங்குமோ?' என ஐயுறுவான்போல் நடித்து, அதனை மீண்டும் உள்ளே அடைக்கிறான் சிறுவன். படத்தின் உயிர்ப்பான பகுதி இதுவே எனலாம். ஆயினும் காதலனாய் வந்து இளவரசியை மணக்கும் வேடம் ஜான் ஜஸ்டின் என்னும் ஆங்கிலேயருக்கே உரியதாயிற்று.

இதற்குக் காரணம் தனிமனிதர் விருப்பு வெறுப்பு மட்டுமன்று. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை நெறி, வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் இடையே காதலுறவு காட்டுவதை வெளிப்படையாகவே தடுத்தது. கதாநாயகி வெள்ளை நடிகையாக இருக்கும்வரை, கறுப்பு நடிகர் கதாநாயகராதல் இயலாது. எஞ்சியவை ஏவலர், பூதம், போர்வீரர் முதலிய வேடங்களே. ஆசிய நடிகரையும் இவ்வழக்கத்தின் நிழல் தொடர்ந்தது.

இங்கிராம் காத்த பெருமிதம்

1895இல் பிறந்த இங்கிராம், இவ்வெல்லைக்குள் நின்றே பெருமிதம் காத்தவர். 1939இல் 'ஹக்கிள்பெரி பின்' கதையில் விடுதலை தேடும் அடிமை ஜிம்மாகவும், 1942இல் 'தி டாக் ஆப் தி டவுன்' படத்தில் கண்ணியம் மிக்க பணியாளராகவும் நடித்தார். 1943இல் வந்த 'சகாரா' படத்தில் அவர் ஏற்ற சூடானிய முசுலிம் படைவீரர் வேடம் குறிப்பிடத்தக்கது. தப்பியோடும் செருமானிய விமானியைத் துரத்திப் பிடித்துத் தோழர்களைக் காத்து, அம்முயற்சியிலேயே உயிர்நீக்கும் அவ்வீரர் எவர்க்கும் ஏவலர் அல்லர். கறுப்பினத்தவர் பெரும்பாலும் நகைப்பிற்குரியோராகவே காட்டப்பட்ட காலத்தில் இஃது அரிய பேறாகும்.

சாபுவின் பிற்காலம்

1942இல் 'ஜங்கிள் புக்' படத்தில் சாபுவே தலைமை மாந்தர். ஆனால் அது காட்டில் வளர்ந்த சிறுவனின் கதை. அதே ஆண்டு 'அராபியன் நைட்ஸ்' படத்தில் கலீபா ஹாரூன் அல் ரஷீதாக நடித்தவர் அமெரிக்கரான ஜான் ஹால். கீழ்த்திசையில் பிறந்த சாபுவோ அவர்க்குத் தோழர். 1944இல் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பொதுவாக இந்தியர்க்கு அவ்வுரிமை கிட்டியது 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணிபுரிந்து வீரப்பதக்கமும் பெற்றார். போர்க்களம் வீரராக ஏற்ற அவரை, அமைதிக்காலத் திரையுலகம் மீண்டும் காட்டுக்கே அனுப்பியது. வளர்ந்த சாபுவுக்கு ஏற்ற கதை அங்கே எழுதப்படவில்லை.

இந்நிலையை நம் அண்மையிலும் காணலாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூடி 1952இல் 'தி ஜங்கிள்' படத்தை உருவாக்கியது. அதன் தமிழ் வடிவம் 'காடு'. அந்நாளில் பாலக்கோடும் சேலம் மாவட்டத்துள் அடங்கியதே. இந்திய மண்ணில் எடுக்கப்பட்ட அப்படத்திலும் இந்திய இளவரசியாக வந்தவர் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்க நடிகையே!

தாய்நாட்டிலும் சாபுவுக்கு வாயில் திறக்கவில்லை. மெஹ்பூப் கான் தம் 'மதர் இந்தியா' படத்தில் மகன் பிர்ஜுவாக அவரை நடிப்பிக்க விழைந்தார். பணி அனுமதி கிடைக்கவில்லை. அவ்வேடம் சுனில் தத்தைச் சேர்ந்தது. ஓர் இந்தியப் படத்திலும் நடியாமலே, 1963 டிசம்பர் 2ஆம் நாள், தம் 39ஆம் வயதில், மாரடைப்பால் சாபு மறைந்தார். இங்கிராம் 1969இல் மறைந்தார்.

முடிவுரை

'நம்மவர் ஹாலிவுட்டில் நடித்தார்' என்று பெருமை கொள்வது இயல்பே. அப்பெருமையோடு, 'எவ்வேடத்தில் நடித்தார்? எவ்வேடம் அவர்க்கு மறுக்கப்பட்டது?' எனவும் வினவுதல் கற்றோர் கடனாகும். தலைவர் யார், ஏவலர் யார் என்பதை நடிகர் பட்டியலில் உற்று நோக்கின், அக்காலச் சமுதாயத்தின் நீதியும் அநீதியும் அங்கே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். இக்கேள்வி ஹாலிவுட்டோடு நிற்பதன்று. நிறத்தை வைத்து நாயகியைத் தேர்ந்து, கறுத்தவரை நகைச்சுவைக்கு நிறுத்தும் வழக்கம் நம் திரையிலும் உண்டன்றோ? அதனையும் இதே அளவுகோலால் அளத்தலே, அவ்விருவர்க்கும் நாம் செலுத்தும் நேர்மையான நன்றியாகும்.