உதவித்தொகைக்கு உரியவர் யார்?

தீப்பற்றிய வீட்டுக்குக் காப்பீடு வழங்குவோர், எரிந்தவற்றை நேரில் பார்த்து இழப்பை மதிப்பிடுவர். நோயுற்றவருக்கு மருத்துவர் சான்று தருவார். வேலையிழந்தவர் நிலை வேறு. உடல் நலமாக உள்ள ஒருவர், வேலை கிடைக்காமல் இருக்கிறாரா, கிடைத்த வேலையை ஏற்காமல் இருக்கிறாரா என்று புறத்தே நின்று அறியக் கருவி எதுவும் இல்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வேலையின்மையைப் பெரிதும் தொடாமல் விட்டதற்கு இது ஒரு காரணம். மந்தநிலை வரும்போது இழப்பு பல்லாயிரவரை ஒரே வேளையில் தாக்குவது மற்றொரு காரணம். ஆகவே இப்பொறுப்பு அரசின் தோள்மேல் ஏறியது.

நேரில் அளக்க முடியாததைச் சில அடையாளங்களைக் கொண்டு அளக்க முயல்வதே தகுதி விதிகளின் வேலை. அளவைகள் அனைத்திலும் நேர்வதுபோல் இங்கும் இருவகைப் பிழைகள் உண்டு. உரிமையற்றவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. உரியவர் வெளியே தள்ளப்படுவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க விதியை இறுக்கினால் மற்றது பெருகும். முதற்பிழையால் கருவூலம் சிறிது இழக்கும். இரண்டாவதால் ஒரு குடும்பம் உணவை இழக்கும். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது என்பது என் துணிபு.

நாடு முழுவதற்குமான கட்டாய வேலையின்மைக் காப்பீட்டைப் பிரிட்டன் 1911இல் சட்டமாக்கியது. கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சில தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொழிலாளி, முதலாளி, அரசு என மூவரும் நிதி செலுத்தினர். வேலையிழந்தவர்க்குக் கிடைத்தது வாரம் 7 ஷில்லிங். அதுவும் ஓராண்டில் 15 வாரம் வரை. விதிகளின் உள்நோக்கம் தெளிவானது. முன்னரே பங்குத்தொகை செலுத்தியிருத்தல், ஒருவர் உண்மையில் உழைத்து வந்தவர் என்பதற்குச் சான்று. வேலைவாய்ப்பு நிலையத்தில் பதிந்திருத்தல், வேலைக்கு அணியமாக இருப்பதற்குச் சான்று. தக்க காரணமின்றித் தாமே வேலையை விட்டவர்க்கு ஆறு வாரம் தொகை கிடையாது.

1921இல் இதனோடு ஒரு புதிய விதி சேர்ந்தது. தொழிலாளி தாம் மெய்யாகவே வேலை தேடியதை நிறுவ வேண்டும். வேலையே இல்லாத ஊரில் வேலை தேடியதற்கு எதைச் சான்றாகக் காட்டுவது? பூட்டிய ஆலைகளின் வாயில்தோறும் நின்று வந்ததைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணற்றோர்க்கு இவ்விதியால் தொகை மறுக்கப்பட்டது. 1930இல்தான் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குடும்ப வருமானச் சோதனை வந்தது. மகன் ஈட்டிய கூலி தந்தையின் தொகையைக் குறைத்தது.

விதிகள் மனிதரை என்ன செய்கின்றன என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்த பெருமை ஆஸ்திரியாவின் மரியன்தால் ஆய்வுக்கு உரியது. வியன்னாவுக்கு அருகிலுள்ள அச்சிற்றூர் ஒரே துணியாலையை நம்பி வாழ்ந்தது. மந்தநிலையில் ஆலை மூடப்பட்டது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகிய மூவரும் துணைவருடன் அங்கு நுணுகி ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். இருந்த குடும்பங்கள் 478. நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பின்னரும் நூல் எடுப்போர் குறைந்தனர். சன்னலோரம் மறைந்திருந்து தெருவில் நடப்போரின் வேகத்தைக் கணித்தபோது, ஆண்கள் இடையிடையே நின்று நின்று மெல்ல நடந்தது தெரிந்தது. வீட்டுப்பணி குறையாத பெண்கள் விரைந்து நடந்தனர். ஓய்வு மிகுந்தவர்க்குக் காலமே பொருளற்றுப் போயிற்று. குடும்பத்தின் ஆள்வீத வருமானம் மாதம் 34 ஆஸ்திரிய ஷில்லிங் அளவில் இருந்தபோது மனம் தளரவில்லை. 19 ஷில்லிங்காகக் குறைந்த வீடுகளில் முழுச் சோர்வு படிந்திருந்தது. உதவித்தொகையின் அளவும் மனத்தின் உறுதியும் ஒன்றாகவே இறங்கின.

அந்நூலில் வரும் ஒரு செய்தி என்னை விட்டு அகலவில்லை. மரம் வெட்ட உதவிச் சிறிது விறகு பெற்றவர் தொகையை இழந்தார். பால் கொண்டுபோய்க் கொடுத்துத் தம் குழந்தைகளுக்குச் சிறிது பால் பெற்ற பெண்ணும் இழந்தார். மவுத்ஆர்கன் வாசித்துச் சில்லறை ஈட்டியவரும் இழந்தார். வேலை செய்ய விரும்பாதவரைக் கண்டறிய வகுத்த விதி, வேலை செய்ய முனைந்தவரைத் தண்டித்தது.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்ற இளைஞர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகை காப்பீடு அன்று. பங்குத்தொகை செலுத்த வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தேறாதவர்க்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்க்கு 300, மேல்நிலை முடித்தவர்க்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்றாண்டு வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வயது வரம்பு 40. பட்டியலினத்தவர், பழங்குடியினர்க்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றோர்க்கு இல்லை. இவற்றுள் ஆராயத்தக்க விதி ஒன்றுண்டு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைத் தவறாமல் புதுப்பித்து, ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். நெடுங்காத்திருப்பு வேலையின்மையை மெய்ப்பிக்கும் என்பது விதியின் எண்ணமாக இருக்கலாம். ஆனால் பதிவைப் புதுப்பித்தது மட்டுமே அதில் மெய்ப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்க மறந்தவர் எத்துணை வறியவராயினும் வெளியே நிற்பார். உதவி மிகவும் வேண்டியிருப்பதோ, படிப்பு முடிந்து ஊர் ஊராய் நேர்காணலுக்குப் பேருந்தேறும் முதலிரண்டு ஆண்டுகளில். கட்டணத்துக்கும் பயணத்துக்கும் கைப்பணம் தேவைப்படும் அக்காலத்தை இத்தொகை எட்டுவதில்லை.

இந்தியாவில் காப்பீடாக அமைந்தது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2018இல் தொடங்கிய அடல் திட்டம். வேலையிழந்த காப்பீட்டாளர்க்குச் சராசரி ஊதியத்தில் கால்பங்கு, 90 நாள் வரை என்பது முதல் விதி. பழைய முதலாளி வழியாக விண்ணப்பம் வர வேண்டும் என்றும் இருந்தது. பணிநீக்கிய கையே விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டுமென்றால் எத்தனைபேர் கேட்கத் துணிவர்? கொரோனா காலமான 2020இல் தொகை பாதி ஊதியமாக உயர்ந்தது. கிளை அலுவலகத்தில் தொழிலாளி தாமே விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

இதுவரை சொன்னவற்றில் சான்று காட்டும் சுமை தொழிலாளியின் மேலேயே இருந்தது. அதனை அரசின்மேல் மாற்றியது, 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம். வேலை கேட்டு விண்ணப்பித்தவர்க்கு 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், மாநில அரசு வேலையின்மைப் படி தர வேண்டியிருந்தது: முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால்பங்குக்குக் குறையாமலும், அதன்பின் பாதிக்குக் குறையாமலும். வேலை தேடினாரா என்ற வினாவே அங்கு எழவில்லை. வேலை தந்தாயா என்று சட்டம் அரசைக் கேட்டது. எனினும் இந்தப் படியைப் பெற்றோர் மிகச் சிலரே. தடை எங்கிருந்தது என்றால், நாள் குறித்த ஒப்புகைச் சீட்டில். ஊராட்சி அலுவலகத்தில் வாய்மொழியாக வேலை கேட்டு, சீட்டின்றித் திரும்பியவர்க்குப் பதினைந்து நாள் எப்போது தொடங்கியது எனக் காட்ட இயலவில்லை. வேலை தொடங்கும் நாளிலேயே விண்ணப்பமும் ஏட்டில் ஏறிற்று. அச்சட்டப்படி நாளிட்ட சீட்டைத் தருவது ஊராட்சியின் கடமையாக இருந்தது. தராதபோது வாயிலில் நின்று கேட்டுப் பெறுவதற்கு அவ்வூரின் வேலையற்றோர் ஒருவருக்கொருவர் துணை நிற்க வேண்டியிருந்தது.