தொழிற்சாலை பாதியில் விட்ட சிறுத்தை

எஞ்சின் கொதிக்கிறது. புது ரேடியேட்டர் போட்டாயிற்று. விசிறிகளை மாற்றியாயிற்று. வாட்டர் பம்ப்பும் புதிது. ஆனாலும் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. டெ டொமாசோ பான்டெரா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய பலர், ஏதாவது ஒரு கோடையில் இந்த நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால், குற்றவாளி உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னச் சாமானாக இருக்கும்.

பான்டெராவில் எஞ்சின் முன்னால் இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் ‘351 கிளீவ்லாந்து’ எஞ்சின் அது. எட்டு சிலிண்டர், 5.8 லிட்டர். எந்த எஞ்சினிலும் தண்ணீர் முதலில் உள்ளுக்குள்ளேயே சுற்ற வேண்டும். சூடேறிய பிறகுதான் ரேடியேட்டருக்குப் போக வேண்டும். அந்த வழியைத் திறந்து விடுவது தெர்மோஸ்டாட். கிளீவ்லாந்தில் இதற்குத் தனி ஏற்பாடு உண்டு. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, எஞ்சின் பிளாக்குக்குள், நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைத் தட்டு பதிந்திருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடியில் உள்ள தொப்பி போன்ற பாகம் இறங்கி அந்தத் துளையை மூடிவிடும். குறுக்குவழி அடைபட்டதும் தண்ணீர் முழுக்க ரேடியேட்டர் பக்கம் திரும்பும். ஃபோர்டின் இன்னொரு எஞ்சினான வின்ட்சருக்கு உரிய தெர்மோஸ்டாட்டும் இதே இடத்தில் உட்காரும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்குத் தொப்பி கிடையாது. அதைப் போட்டுவிட்டால் கொதித்த தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். சில பழைய எஞ்சின்களில் அந்தப் பித்தளைத் தட்டே காணாமல் போயிருக்கும். எப்போதோ ஒரு மெக்கானிக் ‘இது எதற்கு?’ என்று கழற்றிப் போட்டிருப்பார்.

இந்தச் சங்கதியைப் பான்டெரா வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். இந்தக் காரைப் பற்றிய அறிவில் பாதிக்கு மேல் இப்படி வந்ததுதான். தொழிற்சாலை அரைகுறையாக அனுப்பிய ஒரு காரை, அதை வாங்கியவர்களே ஐம்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலெஹாண்ட்ரோ டெ டொமாசோ 1928இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர். பந்தயக் கார் ஓட்டியவர். இத்தாலிக்கு வந்து 1959இல் மொடெனா நகரத்தில் கார் நிறுவனம் தொடங்கினார். ஃபெராரியும் மசெராட்டியும் இருந்த வட்டாரம் அது. அவருக்கும் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துக்கும் ஏற்பட்ட உறவில் பிறந்த கார்தான் பான்டெரா. இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குச் சிறுத்தை என்று பொருள். உடல் இத்தாலியில், எஞ்சின் அமெரிக்காவில், கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தில். சட்டகத்தை வடிவமைத்தவர் ஜான் பாவ்லோ தல்லாரா. வெளித்தோற்றம் கியா நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் ஜார்டாவின் கைவண்ணம். இவருடைய அப்பா ஜான் ஜார்டா, 1930களில் லிங்கன் செஃபிர் காருக்கு உருவம் கொடுத்தவர். மகன் வரைந்த பான்டெராவும் அமெரிக்காவில் லிங்கன்-மெர்குரி ஷோரூம்களிலேயே விற்பனைக்கு வந்தது.

1970இல் நியூயார்க் கார் கண்காட்சியில் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். விலையோ சுமார் 10,000 டாலர். இந்த வகை இத்தாலியக் காருக்கு அது குறைவு. ஏ.சி. உண்டு, பட்டனைத் தட்டினால் இறங்கும் கண்ணாடி உண்டு. 1971 முதல் 1974 வரை ஏறக்குறைய 5,500 கார்கள் அமெரிக்காவுக்குப் போயின.

அவசரம் அவசரமாகச் செய்த கார் என்பது வீட்டுக்குக் கொண்டுபோன பிறகே தெரிந்தது. தகடுகளுக்குத் துருவைத் தடுக்கும் பூச்சு சரியாக இல்லை. ஒயரிங் நோஞ்சான். எஞ்சின் சூடு சொல்லி மாளாது. ஃபோர்டு நிறுவனம் கலிஃபோர்னியாவில் பில் ஸ்ட்ராப்பின் பட்டறைக்குப் புத்தம்புதுக் கார்களை அனுப்பிக் குறைகளைச் சரிசெய்ய வேண்டி வந்தது. எல்விஸ் பிரெஸ்லி 1974இல் ஒரு மஞ்சள் பான்டெரா வாங்கினார். ஒருநாள் அது ஸ்டார்ட் ஆக மறுத்தது; துப்பாக்கியை எடுத்து அதைச் சுட்டுவிட்டார். ஸ்டியரிங்கில் குண்டு பட்ட தடத்தோடு அந்தக் கார் லாஸ் ஏஞ்சலஸின் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஃபோர்டு 1970களின் நடுவில் ஒதுங்கிக்கொண்டது. மொடெனாவில் மட்டும் சிறிய எண்ணிக்கையில் 1990களின் தொடக்கம் வரை பான்டெரா தயாரானது. கடைசி வடிவத்துக்கு மெருகு கொடுத்தவர், லம்போர்கினி கவுன்டாஷை வரைந்த மார்செல்லோ காந்தினி. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் கார்கள். பிறகு நிறுவனம் நொடித்துப்போனது. காரை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போக முடியாது என்ற நிலை.

ஆனாலும் இந்தக் காருக்கு ஒரு நல்லூழ் இருந்தது. ஃபெராரி எஞ்சினுக்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள கடையைத்தான் தேட வேண்டும். கிளீவ்லாந்து எஞ்சினோ அமெரிக்காவில் மஸ்டாங்கிலும் ஆஸ்திரேலியாவில் ஃபால்கனிலும் ஓடியது. அதற்கான உதிரிபாகங்கள் நீண்டகாலம் சாதாரணக் கடைகளிலேயே கிடைத்தன. ஊர்ப்பக்க மெக்கானிக்குக்கும் அதில் கை பழகியிருந்தது. பான்டெரா பிழைத்துக் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறொன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

புதிதாக வாங்கியவருக்குப் பழைய உடைமையாளர்கள் சொல்லும் முதல் புத்தி: வேகத்தைக் கூட்டுகிற வேலையெல்லாம் அப்புறம், முதலில் தண்ணீரைப் பார். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் காருக்கு அடியில் ஓடுகின்றன. பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்து, அந்தத் தூள் ரேடியேட்டரை அடைக்கும். அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடுகிறார்கள். ரேடியேட்டரும் அலுமினியத்துக்கு மாறுகிறது.

தண்ணீர் நிரப்புவதே ஒரு தனி வேலை. இவ்வளவு நீளமான வழியில் எங்காவது காற்று தங்கிவிட்டால், தொட்டியில் தண்ணீர் நிறைந்திருப்பது போலத் தெரியும். உள்ளே பாதி வெற்றிடம். அதனால் காரின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். ரேடியேட்டரின் மேல்முனையில் உள்ள திருகைத் தளர்த்தியதும் முதலில் காற்று சீறும். பிறகு குமிழியும் தண்ணீருமாகத் துப்பும். குமிழி நின்று தண்ணீர் நூல் பிடித்தாற்போல வரும்வரை காத்திருந்து, திருகை முறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி இதே வேலை. நம்மூர் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கிறது’ என்பார்களே, அதேதான். பொறுமை இல்லாதவர் இங்கே தோற்றுப்போவார்.

அடுத்தது கரண்ட். முகப்பு விளக்கு, ரேடியேட்டர் விசிறி எல்லாவற்றுக்குமான மின்சாரம் பழைய ஒயரிங்கில் மெல்லிய கம்பிகள் வழியாகவும் ஃபியூஸ் பெட்டி வழியாகவும் சுற்றிச் சுற்றிப் போகிறது. பெட்டி சூடேறி உருகிய கதைகள் உண்டு. விசிறிக்கும் விளக்குக்கும் தனித்தனி ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த ஒயர் இழுப்பது இன்று ஏறக்குறைய கட்டாய வேலை. செலவு அதிகமில்லை, ஒரு வார இறுதி போதும். விளக்கு பளிச்சென்று எரியும், விசிறி முழு வேகத்தில் சுற்றும். டேஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டரைக் கழற்றிவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பவர்களும் நிறைய. காரின் மொத்த மின்சாரமும் ஓட்டுபவரின் கண்ணெதிரே இருக்கும் ஒரு கருவிக்குள் புகுந்து வருவது தீயை மடியில் கட்டிக்கொள்வது போல.

எஞ்சினுக்குள்ளும் கண்ணிவெடிகள் உண்டு. தொழிற்சாலை போட்ட வால்வுகள் தலை வேறு தண்டு வேறாகச் செய்து ஒட்டியவை. ஒட்டு விட்டால் தலை கழன்று சிலிண்டருக்குள் விழும், பிஸ்டன் நொறுங்கும். டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்தில் நைலான் பற்கள்; வயதானால் உதிர்ந்து ஆயிலில் கலக்கும். எஞ்சினை ஒருமுறை பிரித்தால் ஒரே துண்டாலான எஃகு வால்வுகளும் முழு உலோகச் சக்கரமும் போடாமல் யாரும் திரும்ப மூடுவதில்லை.

பணத்தை விழுங்குவது எஞ்சின் அல்ல, துரு. கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதியும் தரைத்தகடும் உள்ளிருந்து அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். பான்டெராவுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. ஆகவே இது வெறும் டிங்கரிங் வேலை ஆகாது. அளவு பார்த்து, தாங்கு கொடுத்து, வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். காரின் விலையில் பெரும் பங்கை இதற்கே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். காந்தக் கல் ஒன்றை எடுத்துப்போய்க் கதவோரமெல்லாம் ஒட்டிப் பார்க்காமல் பான்டெரா வாங்கக் கூடாது. பட்டி தடவிய இடத்தில் அது ஒட்டாது.

சக்கரத்துக்கும் வருவோம். அசல் சக்கரங்கள் கம்பாஞோலோ நிறுவனத்தின் மெக்னீசியம் வார்ப்புகள், 15 அங்குலம். பறவை இறகு போல லேசு, பார்க்கவும் அழகு. ஆனால் மெக்னீசியம் வயதானால் அரித்து வெடிப்பு விடும். 15 அங்குலத்துக்கு நல்ல அகலமான டயர் கிடைப்பதும் சிரமம். பலரும் 17 அங்குல அலுமினியச் சக்கரத்துக்கு மாறிவிட்டார்கள்.

பட்டறையில் முடிந்த கதை அரசு அலுவலகத்தில் மறுபடி தொடங்குகிறது. சரிசெய்த காரை எந்தப் பெயரில், எந்த வகையில் பதிவுசெய்வது?

கலிஃபோர்னியாவில் இருப்பவர் கவலையில்லாமல் தூங்கலாம். அங்கே 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. ஃபோர்டு கொண்டுவந்த பான்டெராக்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. கார்புரேட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் மூலம் எரிபொருள் பாய்ச்சும் கருவி வைத்தாலும் யாரும் குழாயில் மூக்கை வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. 30 ஆண்டு கடந்த கார்களுக்கு, நம்பரின் கடைசியில் ‘எச்’ எழுத்து போட்ட தனிப் பதிவு அங்கே 1997இல் வந்தது. வரி ஆண்டுக்கு 191.73 யூரோதான், 5.8 லிட்டர் எஞ்சினுக்கு இது பெரிய சலுகை. பழைய கார்கள் நுழையக் கூடாத நகரப் பகுதிகளுக்குள்ளும் போகலாம். ஆனால் நிபுணர் ஒருவர் காரைச் சோதித்து, இது பண்பாட்டுச் சொத்தாகக் காக்கத் தகுந்தது என்று சான்று தர வேண்டும். மாற்றங்கள் செய்திருந்தால், அவை அந்தக் காலத்து வழக்கமா, கார் பிறந்த முதல் பத்தாண்டுக்குள் அப்படிச் செய்திருப்பார்களா என்று பார்ப்பார். 1970களின் அகலச் சக்கரம் தேறிவிடும். நேற்று வாங்கிய பெரிய சக்கரத்தின் கதி சந்தேகம்தான். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த காராக இருந்தால் விளக்குகளும் இண்டிகேட்டரும் ஐரோப்பிய விதிக்குப் பொருந்துகின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்தால் சாலை வரி இல்லை. வருடாந்தரப் பரிசோதனையும் இல்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் காரைப் பெரிதாக மாற்றியிருந்தால் பரிசோதனை விலக்கு போய்விடும். பிறந்த நாடான இத்தாலியில் பழைய கார்களுக்குச் சான்று தரும் அமைப்புகளில் முக்கியமானது 1966இல் தொடங்கிய ஏ.எஸ்.ஐ. அங்கே நம்மூர் ஆர்.சி. புத்தகம் போன்ற ஆவணத்தில் டயர் அளவுகூட எழுதியிருக்கும். அதில் இல்லாத அளவு டயரோடு ரோட்டில் போனால் சிக்கல்தான்.

இங்கே ஒரு நியாயம் கேட்கத் தோன்றுகிறது. அசல் நிலையில் பான்டெரா என்றால் கொதிக்கும் ரேடியேட்டரும் உருகும் ஃபியூஸ் பெட்டியும் சேர்ந்ததுதான். அதை அப்படியே காப்பது அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும். ரோட்டில் ஓடுவதற்கென்று பிறந்த காருக்கு, பாதுகாப்புக்காகச் செய்த திருத்தங்களையும் அதன் வரலாறாக எண்ணுவதே சரி. கார் பிறந்த சில ஆண்டுகளிலேயே ஃபோர்டு நிறுவனமே ஆரம்பித்துவைத்த வேலை அல்லவா அது.

அரசுப் பதிவுக்கு அப்பால், உடைமையாளர்கள் தாங்களே வைத்திருக்கும் பதிவேடும் உண்டு. அமெரிக்காவின் பான்டெரா உடைமையாளர் கிளப் போன்ற அமைப்புகளைச் சுற்றி வளர்ந்த வேலை இது. ஃபோர்டு காலத்துக் காரின் சேசிஸ் நம்பர் டி.எச்.பி.என். என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி ஐந்து இலக்க வரிசை எண்ணில் முடியும். மொத்தம் 11 இடங்கள். 1981இல் வந்த 17 இட முறைக்குப் பழகிய குமாஸ்தா, இது முழு நம்பர் இல்லையே என்று தாளைத் திருப்பித் தந்தால், பதிவேட்டில் இருப்பவர்கள்தான் விளக்கம் கொடுத்து உதவுகிறார்கள்.

பதிவேடு பொய்யையும் பிடிக்கும். 1980இல் ஜி.டி.5 என்ற வகை வந்தது. சக்கரங்களின் மேல் புடைத்த வளைவுகள் அதன் அடையாளம். அந்தத் தோற்றத்தில் மயங்கிய பலர் பழைய கார்களுக்கும் வளைவுகளை ஒட்டிக்கொண்டார்கள். தவறேதும் இல்லை. ஆனால் நான்காவது கைக்கு மாறும்போது அந்தக் கார் ‘அசல் ஜி.டி.5’ ஆகிவிடுகிறது, விலையும் எகிறுகிறது. சேசிஸ் நம்பரைச் சொன்னால் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்: இது 1972இல் வந்த கார், பிறந்தபோது வேறு நிறம், வளைவு பின்னால் ஒட்டியது.

விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய எதையும் தூக்கிப் போடுவதில்லை. கம்பாஞோலோ சக்கரங்கள் போர்வை சுற்றிப் பரணில் இருக்கும். பழைய ஃபியூஸ் பெட்டி, ஆம்மீட்டர், ரேடியேட்டர் எல்லாம் சீட்டு ஒட்டி அட்டைப்பெட்டியில் இருக்கும். கார் கைமாறும் நாளில் சாவியோடு இந்தப் பெட்டிகளும் பில் அடுக்கிய கோப்பும் சேர்ந்தே போகும். கோப்பின் முதல் தாளில், புதிதாக வாங்குபவர் தவறாமல் பார்க்கும் இடத்தில், எந்தத் தெர்மோஸ்டாட் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கும்.