ஆர்பியேரா

ஆர்பியேரா என்பது, சாக்குத்துணியின் மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்து உருவாக்கப்படும் சுவர்ப்படம் ஆகும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் இது புகழ்பெற்றது. எசுப்பானிய மொழியில் இச்சொல்லுக்குச் சாக்குத்துணி என்பதே பொருள். ஒட்டுத்துணிகளால் ஆன கலைப்போர்வைகளுக்கு (குவில்ட்) இது நெருங்கிய உறவுடையது. போர்வையில் பஞ்சு அடுக்கு இருக்கும்; ஆர்பியேராவில் இருப்பதில்லை.

பின்னணி

சிலியில் துணியில் படம் தைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. பாடகி வியோலெத்தா பார்ராவின் சாக்குத்துணிப் படங்கள் 1964இல் பாரிசின் லூவர் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் சால்வதோர் அயேந்தேயின் ஆட்சியை இராணுவம் கவிழ்த்தது. தொடர்ந்து வந்த அகுஸ்தோ பினோச்சேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. அக்காலத்தில் கொல்லப்பட்டவர்களும் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனவர்களும் 3,000 பேருக்கு மேல் எனப் பின்னாளில் அரசு ஏற்றுக்கொண்டது.

மகனையும் கணவனையும் தேடி அலைந்த பெண்கள், 1974 முதல் தலைநகர் சாந்தியாகோவில் ஒன்றுகூடித் தைக்கலாயினர். தேவாலயங்கள் இணைந்து அமைத்த உதவிக்குழு அவர்களுக்குத் துணைநின்றது. அரசின் நெருக்குதலால் அக்குழு கலைந்தபின், 1976இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேசு நிறுவிய திருச்சபை அமைப்பு இப்பணியைத் தொடர்ந்தது. படங்கள் வெளிநாடுகளில் விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

செய்முறை

1. மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, வேண்டிய அளவில் வெட்டுவர்.
2. முதலில் பின்புலத்தைத் தைப்பர். மேலே வானம், அதன்கீழ் ஆண்டிசு மலைத்தொடர், பின்னர் வீடுகளும் தெருவும்.
3. துணிகளின் ஓரத்தைக் கம்பளி நூலால் சுற்றித் தைப்பர்.
4. மனிதர்களைச் சிறு துணிப்பொம்மைகளாகச் செய்து பொருத்துவர். இதனால் படம் புடைத்து நிற்கும்.
5. சுற்றிலும் கம்பளி நூலால் கரை கட்டுவர். சிலர் பின்புறம் சிறு பை தைத்து, படத்தின் செய்தியைத் தாளில் எழுதி அதில் வைப்பர்.

புதுத்துணி வாங்க வசதியில்லாததால் வீட்டுப் பழந்துணிகளே பயன்பட்டன. காணாமற்போனவரின் சட்டைத் துணியையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு.

நாட்டுப்பற்றின் வெளிப்பாடு

நாட்டுப்பற்றைத் துணியில் காட்டுவது என்றவுடன் கொடியும் தேசியச் சின்னங்களும் நினைவுக்கு வரும். இப்பெண்கள் தைத்தவையோ பொதுச் சமையற்கூடம், தண்ணீர்க் குழாய், மூடிய தொழிற்சாலை, சிறைவாசல், "அவர்கள் எங்கே?" என்று எழுதிய பதாகை ஆகியவை. அரசு இவற்றை நாட்டுக்கு எதிரானவை என்று கருதியது. ஆனால், படங்களில் திரும்பத் திரும்ப வரும் மலையும் சூரியனும் அவர்களுடைய நாட்டினுடையவையே. தாம் நேசித்த நாட்டில் யார் இல்லை என்பதையே அவர்கள் காட்டினர்.

குவேக்கா நடனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி இணையாக ஆடும் இந்நடனத்தை இராணுவ அரசு 1979இல் தேசிய நடனமாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, காணாமற்போனோரின் குடும்பப் பெண்கள் துணையின்றித் தனியாக அதை மேடையில் ஆடிக்காட்டினர். அக்காட்சி ஆர்பியேராக்களிலும் இடம்பெற்றது. கைக்குட்டையுடன் ஒரு பெண் நிற்பாள். எதிரே இருக்க வேண்டியவரின் இடம் வெறுமையாக இருக்கும்.

இன்று

சாந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில் ஆர்பியேராக்கள் பாதுகாக்கப்படுகின்றன.

இம்முறையில் தம் நாட்டைப் பற்றிப் படம் தைக்க விரும்புவோர், சின்னத்திலிருந்து தொடங்காமல் தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த இடத்தை அடையாளம் காட்டும் மலையோ ஆறோ கடலோ பின்புலமாகட்டும். உடுத்திப் பழகிய துணியே மனிதர்களுக்கு ஏற்றது. தையல் சற்றுக் கோணினாலும் குற்றமில்லை. ஊசி பிடித்துப் பழகாத கைகளும் சிலியின் படங்களைத் தைத்தன.