மசக்கையும் மனச்சோர்வும்

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் கருவுற்ற பெண்ணொருத்தி அயர்ந்து படுத்தால், "மசக்கைதான், போகப் போகத் தெளியும்" என்பர் மூத்தோர். பெரும்பாலும் அது மெய்யே.

கருவுற்றோர் வேட்கையைப் பண்டைத் தமிழர் 'வயா' என்றனர். தொல்காப்பியர் உரியியலில் அச்சொல்லுக்குப் பொருள் உரைத்தார். வயவுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்டமை புறநானூற்றால் விளங்கும். இன்றைய வழக்கில் 'மசக்கை' என்னும் சொல்லுள் வாந்தி, அயர்வு, உறக்கம், உணவில் வெறுப்பு யாவும் அடங்கும். இதனால் ஓர் இடரும் உண்டு. மசக்கை அல்லாததும் மசக்கையாகவே கொள்ளப்படும்.

கவனக்குறைவுக் கோளாற்றிற்கு மெத்தில்பெனிடேட் முதலிய ஊக்கி மருந்துகளை உண்பவருள் சிலர், கருவுற்றதை அறிந்ததும் அஞ்சி அவற்றை உடனே நிறுத்திவிடுகின்றனர். இம்மருந்துகள் மூளையில் டோபமைன் முதலியவற்றின் செயலை மிகுவிப்பன. அவ்வூக்கம் நின்றதும் சிலர்க்குக் களைப்பு, மிகையுறக்கம், எரிச்சல், உளத்தளர்ச்சி தோன்றும். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். கருவின் முதல் மூன்று திங்களிலும் களைப்பு இயல்பாதலின், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிதல் அரிது.

மசக்கையில் உடல் வாடினும் விருப்பமானவற்றில் மகிழ்ச்சி எஞ்சியிருக்கும். மனச்சோர்விலோ எதிலும் பற்றிராது. 'நான் பயனற்றவள்' என்னும் எண்ணம் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். 1987இல் வெளிவந்த எடின்பரோ வினாநிரல் பத்து வினாக்களால் இச்சோர்வை அறிய உதவுகின்றது. உடற்களைப்பைப் பற்றி அது வினவுவதில்லை. அதுவே அதன் சிறப்பு. அதன் தமிழ் வடிவம் ஆராயப்பட்டு 2005இல் வெளியாயிற்று.

மருந்து பற்றிய அச்சத்திற்கும் அளவு வேண்டும். 2018இல் வெளிவந்த பேராய்வொன்று, முதல் மூன்று திங்களில் மெத்தில்பெனிடேட் உண்டோர்க்குப் பிறந்த ஆயிரம் மகவுகளில் ஏறத்தாழ மூவர்க்கே இதயக் குறைபாடு கூடுதலாக நேரலாம் எனக் கணித்தது. ஆகவே நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவரே தாயுடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும். தாமே நிறுத்துதலும், தளர்ச்சி தாளாமல் தாமே மீண்டும் உண்ணுதலும் தகா. மருந்துக்கு ஈடாகக் காப்பியைப் பெருக்குதலும் நன்றன்று. காஃபின் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் அடங்குதல் வேண்டும் என்பது பல மருத்துவ அமைப்புகளின் அறிவுரை.

தாய்சேய் நல மருந்தகத்தில் முதற் பதிவின்போதே, உண்ட மருந்தின் பெயரையும் நிறுத்திய நாளையும் தாதியிடம் கூறுக. காலந்தவறாத உணவும் உறக்கமும், மாலையில் சிறுநடையும், உடனிருந்து பேசுவார் துணையும் தளர்ச்சியைத் தாங்க உதவும். சாக வேண்டும் என்னும் எண்ணம் தோன்றின் நாளை என்னாது அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் கடன்.

"மசக்கைதான்" என்று ஆறுதல் கூறுமுன், "மனம் எப்படியம்மா இருக்கிறது?" என்று ஒரு முறை கேட்டல் மூத்தோர்க்கு அழகு.